சகன் என்றால் ஆறு பேரா, நாலு பேரா?

காத்தான்குடியான்:
கொழும்பிலிருந்து யாரோ எழுதிய சமையல் குறிப்பு ஒன்றை மூன்று நாளாக எல்லோரும் பகிர்கிறார்கள். "சகன் என்பது நான்கு பேர் கூடி உண்ணும் அரபு விருந்து, தமிழில் கூட்டாஞ்சோறு" என்று அதில் இருக்கிறது. ஒரே வரியில் மூன்று பிழை. மற்ற இரண்டையும் விடுகிறேன். நாலு பேர் என்று யார் சொன்னது? நம் கிழக்கிலங்கை முஸ்லிம் வீடுகளில் சகன் என்றால் ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர். என் வாப்பாவின் கலியாணத்திலும் ஆறு, என் கலியாணத்திலும் ஆறு.

சம்மாந்துறை வயல்:
காக்கா, எங்கள் வீட்டில் நாலு பேர்தான் இருந்து சாப்பிடுவோம். பெருநாளைக்கும் அப்படித்தான்.

காத்தான்குடியான்:
வீட்டில் நாலு பேர் சாப்பிடுவது சகன் இல்லை தம்பி, பெரிய தட்டு.

படுவான்கரை வாத்தியார்:
சகன் அரபுச் சொல். தட்டு என்பதுதான் பொருள். நம் ஆட்கள் 'சகனைக் கழுவி வை' என்கிறார்கள், 'ரெண்டு சகன் சொல்லு' என்கிறார்கள், 'சகனில் இருங்க' என்றும் சொல்கிறார்கள். பாத்திரமா, சாப்பாடா, கூடி இருப்பதா? அதை முதலில் தீர்த்துக்கொண்டு அப்புறம் எண்ணலாமே.

காத்தான்குடியான்:
சேர், மூன்றில் எதை எடுத்தாலும் ஆறு பேர். கழுவுகிறவர் மட்டும் ஒருவர்.

சம்மாந்துறை வயல்:
வாத்தியார் கேட்டதற்குப் பதில் இல்லை.

காத்தான்குடியான்:
பதில் இதோ. பாயை விரித்து, அதன் மேல் சுப்ராத் துணி. கழுவிய நீரை ஏந்தும் படிக்கத்தையும் மூக்கு வைத்த கெண்டியையும் தூக்கிக்கொண்டு ஒரு பொடியன் கைகழுவத் தண்ணீர் ஊற்றி வருவான். நடுவில் சகன் வந்து இறங்கும்: நெய்ச்சோறு, அதன் மேல் கோழி, மாட்டிறைச்சி, ஓரத்தில் கத்தரிக்காய் வாழைக்காய் களியாக் கறி. தனக்கு முன்னால் இருக்கும் பக்கத்தில்தான் கை வைக்க வேண்டும். ஆறு பேர் என்றால் சப்பணம் போட இடம் கிடைக்காது. ஒரு முழங்காலை உயர்த்தி, தோளைக் கொஞ்சம் சரித்து இருக்க வேண்டும். அந்த நெருக்கம்தான் சகன். நாலு பேர் தள்ளித் தள்ளி இருந்தால் அதற்குப் பெயர் பரீட்சை மண்டபம்.

சம்மாந்துறை வயல்:
நெருக்கத்தைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். போன வருஷம் உங்கள் ஊர்க் கலியாணம் ஒன்றில் என்னை எட்டாவது ஆளாகச் செருகினார்கள். கோழித் துண்டு ஆறுதான் இருந்தது. இரண்டு துண்டு எடுத்தவர் யார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

காத்தான்குடியான்:
கோழித் துண்டு ஆறு! நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஏன் ஆறு? நாலு வைக்கத் தெரியாதா? எட்டாவது ஆள் பிந்தி வந்தவர். அது சமையல்காரரின் குற்றம் இல்லை.

சம்மாந்துறை வயல்:
நான் பிந்தி வரவில்லை. பஸ் பிந்தியது.

வாவிக்கரை:
இடையில் ஒரு வார்த்தை. கூட்டாஞ்சோறு என்று மட்டக்களப்பில் நாங்களும் சொல்வதில்லை. அது தமிழ்நாட்டுப் பேச்சு. கோயிலில் அன்னதானம், கலியாண வீட்டில் பந்தி, வைரவருக்கு மடை என்ற படையல். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு வளந்துப் பானை வைத்துப் பொங்குவோம். கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு வழியில் உகந்தையில் சோறு போடுகிறார்களே, அங்கே எத்தனை பேர் என்று யாராவது எண்ணுகிறார்களா?

காத்தான்குடியான்:
பந்தி வரிசை அண்ணே, சகன் வட்டம். வரிசை எவ்வளவு தூரமும் போகும். வட்டத்துக்குக் கணக்கு உண்டு. ஆறு.

கடற்கரை ராத்தா:
கந்தூரியை ஒருவரும் சொல்லவில்லையே! கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை பெயரில் கொடியேற்றி, முடிவில் கந்தூரி என்று சோறு கொடுப்பார்கள். அந்தச் சொல் பாரசீகம். சாப்பிட விரிக்கும் துணிக்குத்தான் முதலில் அந்தப் பெயர். மலாய்க்காரரிடம் அது கெண்டூரி. சுப்ராவும் துணி, கந்தூரியும் துணி, சகன் தட்டு. நம் விருந்துச் சொற்களில் சோற்றையே காணவில்லை.

பாலமுனைக் காற்று:
கந்தூரி மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்று தொடங்கினால் இந்தத் திரி விடியும்வரை ஓடும். அதை விடுங்கள்.

கடற்கரை ராத்தா:
நான் சொல்லின் பொருளைத்தான் சொன்னேன். கூடுமா என்று தொடங்கியது நீங்கள்.

காத்தான்குடியான்:
ராத்தா, கந்தூரிச் சோறு கட்டிக் கொடுப்பது. அதில் ஆளைச் சுற்றி இருத்தும் பேச்சே இல்லை. இங்கே கேள்வி ஆறா நாலா என்பதுதான்.

கடற்கரை ராத்தா:
கட்டிக் கொடுத்ததை இரண்டு தரம் வரிசையில் நின்று வாங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இப்போது இங்கே ஆறு ஆறு என்கிறார்.

காத்தான்குடியான்:
ஒன்று என் உம்மாவுக்கு.

படுவான்கரை வாத்தியார்:
நல்ல தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் 'பெருஞ்சோறு' இருக்கிறது. சங்க காலத்துச் சேரன் ஒருவனுக்குப் பெயரே பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதன்.

காத்தான்குடியான்:
நல்லது சேர். அவன் ஒரு சகனுக்கு எத்தனை பேரை இருத்தினான்?

படுவான்கரை வாத்தியார்:
நான் போகிறேன்.

சம்மாந்துறை வயல்:
வாத்தியாரையும் விரட்டியாயிற்று. எங்கள் ஊரில் நாலு. இப்போதும் நாலு.

புது மாப்பிள்ளை:
காக்காமாரே, இதைக் கேட்கலாமா தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டில் 40 பேர். எத்தனை சகன் சொல்ல?

சம்மாந்துறை வயல்:
பத்து.

காத்தான்குடியான்:
ஏழு. ரெண்டு இடம் மிஞ்சும். சம்மாந்துறைத் தம்பிக்கும் சொல்லுங்கள், பஸ் பிந்தினாலும் இடம் இருக்கும்.

சம்மாந்துறை வயல்:
கோழியை எண்ணிவிட்டுத்தான் வருவேன்.