முளைப்பயறு பிசுபிசுக்குது, பிரண்டை அரிக்குது: அடுப்பில்லாத காலை உணவுக்கு வழி சொல்லுங்க

வேளச்சேரி மாடி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வாரத்துல நாலு நாளாவது காலையில அடுப்பு பத்த வைக்காம சாப்பிடலாம்னு ஆரம்பிச்சிருக்கோம். மூணு சந்தேகம்.

ஒண்ணு, பாசிப்பயறு. 8 மணி நேரம் ஊறவெச்சு, ஈரத்துணியில கட்டி, ஹாட்பாக்ஸ்ல மூடி வைக்கிறேன். தை மாசம் வரைக்கும் அழகா முளைச்சுது. இப்ப மறுநாள் காலையில திறந்தா நூல் நூலா பிசுபிசுப்பு, புளிச்ச வாடை. கழுவிட்டு சாப்பிடலாமா?

ரெண்டு, பிரண்டையைப் பச்சையா அரைச்சுக் குடிச்சா எலும்புக்கு நல்லதுன்னு ஒரு வீடியோ. அரைச்ச கை ரெண்டு மணி நேரம் அரிச்சுது, அதனால இன்னும் குடிக்கல. எப்படி எடுத்துக்கணும்?

மூணு, தினமும் காலையில ஒரு டம்ளர் சாறு: சுரைக்காய், பாலக், பெரிய நெல்லி, அருகம்புல். இதை மாமியாருக்கும் (68 வயசு, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை) கொடுக்கலாமா? 10 மாசக் குழந்தைக்கு சளி பிடிச்சா கற்பூரவள்ளிச் சாறுல தேன் கலந்து கொடுக்கச் சொல்றாங்க, அதுவும் சரியா?

---

மல்துணி பதில்:

குற்றவாளி ஹாட்பாக்ஸ்தான். முளைக்கும் பயறு மூச்சு விடும், அதனால் தானாகவே சூடாகும். மார்கழியில் அந்தச் சூட்டை மூடி வைப்பது உதவி. சித்திரை, வைகாசியில் ராத்திரியிலும் வீட்டுக்குள் 30 டிகிரி இருக்கும் சென்னையில், அதே டப்பா பயறை அவித்துக் கெடுக்கும். பிசுபிசுப்பு என்பது பாக்டீரியா கட்டிய கூடு. கழுவினால் வழவழப்பு போகும், கிருமி போகாது. தூக்கிப் போட்டுவிடுங்கள், யோசிக்க வேண்டாம்.

வெயில் காலத்துக்கு இப்படிச் செய்யுங்கள். 100 கிராம் பயறைப் பொறுக்கி, மூன்று தண்ணீர் கழுவி, மிதப்பதை எல்லாம் எடுத்துவிடுங்கள். அது பூச்சி தின்ற பயறு, முதலில் அழுகுவது அதுதான். காலை 10 மணிக்கு அரை லிட்டர் தண்ணீரில் போட்டால் மாலை 4 மணிக்கு எடுத்துவிட வேண்டும். 6 மணி நேரம் போதும். ஒரு பயறை நகத்தால் கிள்ளிப் பாருங்கள்: நடுவில் வெள்ளையாகக் கடினமான பொட்டு இல்லாவிட்டால் ஊறிவிட்டது. தண்ணீர் மேல் நுரை கட்டியிருந்தால் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது வடிப்பது. பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். வடிதட்டில் கொட்டி 10 நிமிடம் சாய்த்து வையுங்கள், சொட்டு நிற்க வேண்டும். பயறுக்கு ஈரம் வேண்டும், தண்ணீர் கூடாது. பழைய மல்வேட்டித் துணியை நனைத்து, முறுக்கிப் பிழிந்து, அதே வடிதட்டில் விரித்து, பயறை இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி மூடுங்கள். இறுக்கி மூட்டை கட்டினால் நடுவில் காற்று போகாது. கெடுவது எப்போதும் மூட்டையின் நடுவிலிருந்துதான். ராத்திரி 8 மணிக்கு ஒரு முறை, படுக்கப் போகும்போது ஒரு முறை அலசி, மறுபடி நன்றாக வடித்து வையுங்கள். காலை 6 மணிக்கு அரை சென்டிமீட்டர் வால் விட்டிருக்கும். அதோடு நிறுத்தி ஃபிரிட்ஜ், இரண்டு நாளுக்குள் காலி.

தண்ணீரையும் பாருங்கள். உங்கள் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் பயறு சரியாக ஊறாது, முளையும் சீராக வராது. பாதியை கேன் தண்ணீரிலும் பாதியை போர் தண்ணீரிலும் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். இரண்டிலும் சுமாராக வந்தால் சரக்கு பழசு. 20 பயறு எண்ணிப் போடுங்கள், 16-க்குக் கீழே முளைத்தால் கடையை மாற்றுங்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பிசுபிசுக்காத முளையிலும் கிருமி இருக்கலாம், ஏனென்றால் அது விதையோடேயே வரும். 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியாகப் பரவிய ஈ.கோலை என்ற பாக்டீரியா 50-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதனால் உங்கள் மாமியாருக்கும், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்கும், இட்லிப் பானை ஆவியில் நன்றாக வேகவைத்தே கொடுங்கள். அடுப்பில்லா உணவு என்ற பெயர் போனால் போகட்டும்.

ராஜ்மா, மொச்சை, சோயா மூன்றையும் முளைகட்டினாலும் பச்சையாகத் தொடாதீர்கள். ராஜ்மாவில் உள்ள லெக்டின் நச்சு, நாலைந்து பச்சை விதையிலேயே வாந்தி எடுக்க வைக்கும். கொண்டைக்கடலையும் கொள்ளும் அந்த அளவு ஆபத்து இல்லை, ஆனால் வயிறு உப்பி நாள் முழுக்கத் திண்டாட்டம்.

---

தாளிக்காத கரண்டி பதில்:

தினமும் முளைப்பயறே சாப்பிடணும்னு என்ன கட்டாயம்? நம்ம ஊர்ல ஸ்ரீராமநவமிக்கு பானகம், நீர்மோரோட கொடுக்கற வடைப்பருப்பு இருக்கே, அதைவிட சுலபமான பச்சை உணவு கிடையாது. கால் கப் பாசிப்பருப்பை 1 மணி நேரம் மட்டும் ஊறவைங்க. நகத்துல அழுத்தினா ரெண்டா உடையணும், குழையக் கூடாது. ரெண்டு மணி நேரம் போனா சொதசொதன்னு ஆயிடும். நல்லா வடிச்சு, ஒரு சின்ன வெள்ளரிக்காய், 2 ஸ்பூன் தேங்காய்த் துருவல், 1 ஸ்பூன் கிளிமூக்கு மாங்காய் துருவல், பாதி பச்சை மிளகாய், கொத்தமல்லி. உப்பு மட்டும் தட்டுல போடறப்பதான். முன்னாடியே போட்டா வெள்ளரி தண்ணி விட்டு, கிண்ணத்துல குளம் நிக்கும்.

இன்னொண்ணு சிவப்பு அவல். கெட்டி அவல் 1 கப், ரெண்டு முறை அலசி, அரை கப் கெட்டித் தேங்காய்ப்பால் தெளிச்சு 20 நிமிஷம் மூடி வைங்க. முழுசும் உறிஞ்சிக்கும். அப்புறம் 3 ஸ்பூன் பொடிச்ச வெல்லம், ஏலக்காய், ஒரு பூவன் பழம். தேங்காய்ப்பாலுக்கு வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி அரைச்சா பால் நல்லா இறங்கும். கொதிக்கிற தண்ணி ஊத்தினா பச்சை உணவுன்னு சொல்லிக்க முடியாது. வெளியில வெச்சா மூணு மணி நேரத்துல புளிச்சுடும், அப்பப்பதான் பிழியணும்.

(சுத்தமான பச்சை உணவுக்காரங்க அவலையே ஒத்துக்க மாட்டாங்க. நெல்லை ஊறவெச்சு வறுத்துத்தானே இடிக்கிறாங்க! அவங்க கிட்ட சொல்லாதீங்க.)

---

கொடிப்பந்தல் பதில்:

பிரண்டையைப் பச்சையாகக் குடிக்காதது நல்லதாகப் போயிற்று. அதன் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது. கையில் அரித்தது அந்த ஊசிகள்தான்; தொண்டையில் குத்தினால் வீங்கும். சேனை, சேம்பு அரிப்பதும் இதே காரணம். நம் முன்னோர் புளி, நல்லெண்ணெய் இரண்டும் இல்லாமல் பிரண்டையைச் சமைத்ததில்லை.

நாற்சதுரத் தண்டில் நுனியிலிருந்து மூன்று நான்கு கணு வரைதான் இளசு. மடக்கினால் 'டப்'பென்று உடைய வேண்டும், நார் தொங்கினால் முற்றல். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுக்களை வெட்டி எறிந்து, நான்கு ஓரத்து நாரையும் உரித்துப் பொடியாக நறுக்குங்கள். ஒரு கப் பிரண்டைக்கு 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய். மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம், பச்சை நிறம் முழுக்கப் போய்ப் பழுப்புக்கு வரும்வரை வதக்கணும். அவசரப்பட்டுப் பச்சை மாறும் முன் இறக்குவதுதான் 'துவையல் நாக்கை அரிக்குது' என்ற புகாருக்கு மூலம். 2 மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, 5 வரமிளகாய், சின்ன நெல்லிக்காய் அளவு புளி, துண்டு இஞ்சி வறுத்து, ஆறவைத்துச் சேர்த்து அரையுங்கள். கொஞ்சம் நாவில் வைத்துப் பார்த்து, சுருக்கென்றால் புளியைக் கூட்டி இன்னொரு முறை எண்ணெயில் சுருட்டி எடுங்கள்.

பச்சையாகவே மூலிகை வேண்டும் என்றால் வல்லாரை இருக்கிறது: பத்து இலை, தேங்காய், மிளகு, தயிர் போட்டுப் பச்சடி. தூதுவளைக்கு இலையின் முதுகு நரம்பில் முள் இருக்கும், கத்தரிக்கோலால் நரம்போடு நறுக்கி எடுத்துவிட்டு ரசம் வையுங்கள்.

---

ஓ.பி. சீட்டு பதில்:

சாற்று விஷயம் யாரும் தொடவில்லையே. இதுதான் மூன்றில் முக்கியமானது.

சுரைக்காய்: மிக்ஸியில் போடும் முன் ஒவ்வொரு காயிலும் காம்புப் பக்கம் ஒரு துண்டு வெட்டி மெல்லுங்கள். கொஞ்சம் கசந்தாலும் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின் என்ற நச்சு; ரத்த வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு வரை போகும். 2010-ல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த ஒருவர் இறந்த பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குழு அமைத்து, கசந்தால் குடிக்காதீர்கள் என்றே பரிந்துரைத்தது. 'கசப்பு மருந்துதானே' என்று நெல்லிச் சாறு விட்டு மறைத்துக் குடிப்பது மிக மோசமான யோசனை. உங்கள் கலவையில் நெல்லியின் துவர்ப்பும் புளிப்பும் கசப்பை மறைத்துவிடும் என்பதைக் கவனியுங்கள்.

பாலக்: பச்சையாக தினம் ஒரு கட்டு என்றால் ஆக்சலேட் சிறுநீரகத்தில்தான் போய் நிற்கும். வேகவைத்து நீரை வடித்தால் நல்ல பங்கு குறையும், சாறு போட்டால் முழுதாக உள்ளே போகும். நீண்டநாள் சர்க்கரை உள்ளவருக்கு சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கலாம். மாமியாருக்கு இந்தச் சாறு வேண்டாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகு வெண்பூசணி மாதிரி எதையாவது யோசிக்கலாம். அதோடு, வெந்தயப் பொடி, சிறுகுறிஞ்சான் எல்லாம் சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். பிரஷர் உள்ளவர் இருமலுக்கென்று அதிமதுரத்தை வாரக்கணக்கில் மெல்லக் கூடாது, அது பிரஷரை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

அருகம்புல்: எங்கே முளைத்தது என்று தெரியாத புல்லைக் குடிக்காதீர்கள். கால்வாய் ஓரம், நாய் நடக்கும் பூங்கா எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். மஞ்சள் தண்ணீரில் முக்கினால் புழு முட்டை சாகும் என்பது நம்பிக்கை மட்டுமே. ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு தாளாகத் தேய்த்துக் கழுவுவதுதான் வழி. தொட்டியில் வளர்ப்பது அதைவிடச் சுலபம்.

குழந்தை: ஒரு வயது முடியும் வரை தேன் ஒரு சொட்டும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைச் செயலிழக்கச் செய்யும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. கற்பூரவள்ளிச் சாறும் 10 மாதக் குழந்தைக்கு வேண்டாம். மூச்சு வேகமானாலோ பால் குடிக்க மறுத்தாலோ ராத்திரியானாலும் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

நேரில் கேட்க வேண்டுமென்றால் அரும்பாக்கம் அரசு வளாகத்தில் சித்தாவும் இயற்கை மருத்துவமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. உங்களுக்கு இன்னும் அருகில் தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். போகும்போது மாமியாரின் மாத்திரை அட்டைகளைக் கையில் எடுத்துப் போங்கள்.

---

மல்துணி பதில்:

முழு நாளும் பச்சையாகவே போகலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் ஒரு வார்த்தை. வைட்டமின் பி12 எந்தக் காய்கறியிலும் இல்லை. 1929-ல் காந்தியே பச்சை உணவுச் சோதனையில் இறங்கி, வயிற்றுக்கடுப்பு வந்து நிறுத்தினார். நாலு நாள் காலை மட்டும் என்ற உங்கள் கணக்கே சரி.

---

வேளச்சேரி மாடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சுரைக்காயை மென்னு பார்க்கணும்னு இதுவரைக்கும் யாருமே சொன்னதில்லை. சாறை நிறுத்திட்டேன், தேன் பாட்டிலும் மேல் ஷெல்ஃபுக்குப் போயிடுச்சு. கடைசியா ஒண்ணு: மாடியில சோத்துக்கத்தாழை நிறைய இருக்கு, மோர்ல போட்டுக் குடிக்கலாமா?

---

ஓ.பி. சீட்டு பதில்:

குடிக்கலாம், மடலை வெட்டியதும் நேராக மிக்ஸியில் போடாமல் இருந்தால். வெட்டுவாயில் மஞ்சளாக ஒரு பால் கசியும். அதுதான் வயிற்றைப் பிய்த்துக்கொண்டு போக வைப்பது. வெட்டிய பக்கம் கீழே இருக்குமாறு மடலை ஒரு டம்ளரில் 15 நிமிடம் நிறுத்தி வையுங்கள், மஞ்சள் அடியில் வடிந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். பிறகு முள் ஓரம், பச்சைத்தோல் இரண்டையும் தாராளமாகச் சீவி, கண்ணாடி மாதிரி இருக்கும் சோற்றை மட்டும் எடுத்து ஏழு தண்ணீர் கழுவுங்கள். ஏழு என்பது சாத்திரத்துக்குச் சொன்னது இல்லை. நாலாவது தண்ணீர் வரை நுனிநாக்கில் கசப்பு இருக்கும், தொட்டுப் பாருங்கள். 2 மேசைக்கரண்டி சோறு, ஒரு டம்ளர் நீர்மோர், துளி உப்பு, வாரம் இரண்டு நாள் போதும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் கிடையாது. குழந்தைக்கு நீங்கள் இன்னும் பால் கொடுப்பதானால் உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.