ஆண் பூனை மணல் தட்டில் முக்குகிறது, சிறுநீர் வரவில்லை. மலச்சிக்கலா?

கேள்வி (மணல்தட்டு)

மூணு வயசு ஆண் பூனை, கருத்தடை ஆனது, 4.5 கிலோ. ட்ரை ஃபுட் மட்டும்தான் சாப்பாடு. காலையிலிருந்து பத்துத் தடவையாவது தட்டுல போய் உட்கார்ந்து முக்குது. ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு, அதுவும் லேசா சிவப்பா வருது. ஓயாம அடியில நக்குது. மத்தியானத்திலிருந்து சாப்பிடல. வீட்டுல பெரியவங்க மலச்சிக்கல்னு விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்றாங்க. பக்கத்து வீட்டுல வாழைத்தண்டுச் சாறு சொல்றாங்க. நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போனா போதுமா?

பதில் (சாம்பல்வால்)

போதாதுங்க. இப்பவே கிளம்புங்க.

நீங்க சொல்ற அத்தனையும் சிறுநீர் அடைப்போட அறிகுறி. ஆண் பூனையோட சிறுநீர்க்குழாய் நுனியில ரொம்பக் குறுகல். உப்புத் துகளும் சளியும் சேர்ந்து அடைச்சிடும், இல்லன்னா வீக்கமே வழியை மூடிடும். பெண் பூனைக்கு இது அபூர்வம். வெளியே போக வேண்டிய பொட்டாசியம் ரத்தத்துலயே தங்கி இதயத்துடிப்பைக் குலைக்கும். முழுசா அடைச்சுட்டா ஒரு நாள், ரெண்டு நாளுக்குள்ள உயிரே போகலாம். வாந்தி, சோர்ந்து படுக்கிறது, காது சில்லுனு ஆகுறதெல்லாம் முத்தின கட்டம். அதுக்காகக் காத்திருக்கக் கூடாது.

பின்னங்காலுக்கு முன்னாடி, வயித்தை ரெண்டு விரலால மெதுவா தொட்டுப் பாருங்க. எலுமிச்சையோ அதைவிடப் பெருசோ கெட்டியா உருண்டையா தட்டுப்பட்டா சிறுநீர்ப்பை நிரம்பியிருக்குன்னு அர்த்தம். அமுக்கிப் பிழியாதீங்க, பை கிழிஞ்சிடும். உருண்டை தட்டுப்படலைன்னாலும் போகத்தான் வேணும்.

விளக்கெண்ணெய் வேண்டாம். வாழைத்தண்டுச் சாறும் வேண்டாம்: வெளியே வழியில்லாதப்போ உள்ளே சிறுநீரைப் பெருக்கினா பைதான் இன்னும் விம்மும். போதாததுக்கு அதுல பொட்டாசியம் வேற இருக்கு. வலிக்குதேன்னு பாராசிட்டமால் கொடுத்துடாதீங்க, பூனைக்கு அது விஷம், பாதி மாத்திரையே கொல்லும்.

சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவமனையோ, இல்லன்னா தனியார் கிளினிக்கோ, கிளம்பும்போதே போன் பண்ணி "ஆண் பூனை, சிறுநீர் அடைப்பு, மயக்கம் கொடுத்து கதீட்டர் போடுவீங்களா" ன்னு இந்த வார்த்தையிலயே கேளுங்க (கதீட்டர்னா சிறுநீர் வெளியேற உள்ளே விடுற மெல்லிய குழாய்). "பூனை சாப்பிடல"ன்னு மட்டும் சொன்னா காலைல வாங்கன்னுடுவாங்க.

பதில் (திண்ணைப்பூனை)

மேலே சொன்னதோடு, கிளினிக்கில் என்ன நடக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் ரத்தத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கழிவு) பார்ப்பார்கள். பொட்டாசியம் மிக அதிகமென்றால் இதயத்தைக் காக்க ஊசி போட்ட பிறகே மற்றது. மயக்கம் கொடுத்தால்தான் குழாயின் தசை தளரும். மயக்கமில்லாமல் கதீட்டரைத் திணித்தால் உட்சுவர் கிழியும். சலைன் செலுத்தி அடைப்பைத் தள்ளி, கதீட்டரைத் தைத்து ஒன்று முதல் மூன்று நாள் வரை விட்டுவைப்பது வழக்கம். கழுத்தில் கோன் (நக்கவிடாமல் தடுக்கும் புனல் போன்ற பட்டை) கட்டாயம், இல்லையென்றால் பிடுங்கிவிடும்.

அடைப்பு நீங்கியதும் சிறுநீர் மடை திறந்ததுபோல் போகும். அப்போது டிரிப்ஸை அவசரமாக நிறுத்தினால் உடம்பில் நீர் வற்றிப்போகும், ஆகவே அன்றே வீட்டுக்குக் கேட்காதீர்கள். கதீட்டரை எடுத்த பிறகு தானாகச் சிறுநீர் கழித்ததைப் பார்த்துவிட்டே அழைத்து வாருங்கள்.

சிறுநீரை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கவும், கல் இருக்கிறதா என ஸ்கேன் எடுக்கவும் கேளுங்கள். கல்லிலும் துகளிலும் வகை உண்டு: ஸ்ட்ரூவைட் வகை என்றால் அதற்கான மருத்துவ உணவில் சில வாரங்களில் கரையும். கால்சியம் ஆக்ஸலேட் வகை எந்த உணவிலும் கரையாது. இளம் ஆண் பூனைகளில் கிருமித்தொற்று குறைவு. வெறும் ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பினால் பிரச்சினை அப்படியே இருக்கும்.

பதில் (மீன்முள்)

வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியது தண்ணீர். 4.5 கிலோ பூனைக்கு உணவில் இருப்பதையும் சேர்த்து நாளுக்குச் சுமார் 225 மில்லி தேவை. 60 கிராம் ட்ரை ஃபுட்டில் கிடைப்பது வெறும் 5 மில்லி. 85 கிராம் ஈர உணவு பவுச் இரண்டு கொடுத்தால் அதிலேயே 135 மில்லி போய்விடும். ஒரே நாளில் மாற்றாமல் ஏழெட்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். டாக்டர் மருத்துவ உணவு எழுதிக் கொடுத்தால் அது மட்டும்தான். பாவமென்று மீனையும் சேர்த்து வைத்தால் அந்த உணவுக்கு வேலையே இல்லை. அப்படி எழுதாதபோது உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்த மீன் தண்ணீரை உணவில் ஊற்றலாம்.

சிறுநீர் பட்டால் கட்டியாகும் மணல் வாங்குங்கள். தினமும் கட்டிகளை எண்ணுங்கள்: இரண்டு முதல் நான்கு, ஓரளவு பெரிதாக இருந்தால் சரி. கோலிகுண்டு அளவில் நிறைய வந்தாலோ, அரை நாளாக ஒன்றுமே இல்லையென்றாலோ மறுபடி ஓட வேண்டும். முதல் ஒரு வாரத்தில் திரும்ப அடைப்பது சகஜம்.

பல பூனைகளுக்குக் காரணமே பதற்றம்தான். புதுப் பூனை, வீட்டு வேலை, தீபாவளி வெடி எல்லாம் பையில் வீக்கம் கிளப்பும். ஒளிய ஓர் அட்டைப்பெட்டி, பூனை எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதல். தட்டைச் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மணல்தட்டு

கிளினிக்ல சேர்த்தாச்சு, அடைப்பேதான். கதீட்டர் போட்டிருக்காங்க. ரொம்ப நன்றிங்க. இது திரும்பத் திரும்ப வராம ஆபரேஷன் இருக்காமே, இப்பவே செஞ்சிடலாமா?

திண்ணைப்பூனை

முதல் தடவைக்கு வேண்டாம். சிறுநீர்க்குழாயின் குறுகிய நுனியை வெட்டி அதன் வாயை அகலமாக்கும் அறுவை அது. திரும்பத் திரும்ப அடைத்தாலோ, கதீட்டரே போகாவிட்டாலோதான் யோசிப்பார்கள். அடைப்பு பெரும்பாலும் நிற்கும், ஆனால் பை வீக்கமும் துகளும் நிற்காது. வாய் அகலமாவதால் கிருமி ஏறுவதும் எளிதாகிறது. அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் பவுச்சும் தண்ணீரும் தொடர வேண்டும்.