முன்னாலும் டிக்கி, பின்னாலும் டிக்கி

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது 2004 போர்ஷே பாக்ஸ்டர், பெங்களூரில் பழைய வண்டியாக வாங்கியது. முதல் சர்வீஸுக்கு அங்கேயே ஒரு பட்டறையில் விட்டேன். பில்லைப் பார்த்தவன் ஓசூர் தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஆயில் மாற்றத்தை நானே செய்வது என்று முடிவானது அந்தப் பயணத்தில்தான்.

துணைக்கு, எங்கள் தெருவில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். முன் மூடியைத் திறந்தார். சாமான் வைக்கும் இடம். பின்னால் போய்த் திறந்தார், அங்கேயும் அதுவே. "இஞ்சினைக் கழற்றிவிட்டா விற்றார்கள், தம்பி?" என்றார். இருக்கைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது அது. ஆயில் ஊற்றும் வாய் மட்டும் பின் டிக்கியில் தெரியும்.

வண்டியைத் தூக்குவதுதான் பெரும்பாடு. ஜாக்கி நுழைய இடமில்லாததால் சக்கரங்களை முதலில் பலகைமேல் ஏற்றினோம். நான்கு ஸ்டாண்டுகளும் வைத்து, வண்டியை உலுக்கிப் பார்த்த பிறகுதான் அண்ணன் என்னைக் கீழே படுக்கவிட்டார்.

8 மி.மீ. ஆலன் சாவியால் பழைய ஆயிலை வடிக்கும் அடைப்பானைத் திறந்தேன். எட்டு லிட்டருக்கு மேல் வரும் என்று படித்திருந்தும், மாருதிக்கு வைக்கும் அதே சிமெண்டுப் பாண்டைத்தான் வைத்திருந்தேன். நிரம்பி வழிந்தது. விரலால் அடைத்துக்கொண்டு நான் கத்த, அம்மா குளியலறை வாளியோடு ஓடி வந்தார். அந்த வாளிக்கு இன்றும் கணக்குக் கேட்கிறார்.

நான் பயந்தது ஃபில்டருக்குத்தான். இந்த இஞ்சினுக்குள் சுழலும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் ஒன்று உண்டு. அது உடைந்தால் இஞ்சினே போய்விடும். தேயத் தொடங்கினால் இரும்புப் பொடி ஃபில்டர் மடிப்புகளில் தங்கலாம். காகிதத்தை வெட்டி, வெயிலில் விரித்து, மடிப்பு மடிப்பாகப் பார்த்தோம். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை அண்ணன் அதன்மேல் மெதுவாக நகர்த்தினார். எதுவும் ஒட்டவில்லை. கருப்பாக இரண்டு துணுக்குகள் மட்டும். நகத்தால் அழுத்தினால் வளைந்தன. இஞ்சினுக்குள் ஓடும் சங்கிலி உரசும் பிளாஸ்டிக். இந்த வயதில் அது சகஜம்.

அடைப்பானுக்குப் புது வாஷர் போட்டு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரில் 50 நியூட்டன் மீட்டர் வைத்து முறுக்கினேன். அலுமினிய மரை, கைக்கணக்கு ஆகாது. அண்ணனுக்கு அதில் நம்பிக்கையில்லை. "இன்னும் கால் சுற்று" என்றார். மறுத்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் எழுவதற்குள் வண்டிக்கடியில் செய்தித்தாள் விரித்துக் குனிந்திருந்தார். ஒரு சொட்டும் இல்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு.