புதுக் காருக்கு எலக்ட்ரோனிக் கறள் தடுப்பு: 1,199 டொலர் குடுக்கலாமோ?

மார்க்கம்வாசி

வணக்கம். கனடாவில, ஒன்டாரியோவில இருக்கிறம். ரொயோட்டா ரவ்4 ஹைபிரிட் புதுசா எடுக்கிறம், அடுத்த கிழமை கையெழுத்து. டீலரின்ட பினான்ஸ் அறையில எலக்ட்ரோனிக் றஸ்ட் மொடியூல் எண்ட கறள் தடுப்புக் கருவி ஒண்டைப் போடச் சொல்லி நிக்கினம். 1,199 டொலர், அதுக்கு மேல எச்எஸ்டி வரி. பற்றரியில தொடுத்துக் காரின்ட பொடியில ரெண்டு பாட் (சின்ன ஒட்டுத் தகடு) ஒட்டுவினமாம். இரும்பில எலக்ட்ரோன் நிறைஞ்சு நிண்டா கறள் பிடிக்காதாம். பத்து வருச வாரன்டியும் உண்டாம். கப்பலுக்கும் எண்ணெய்க் குழாய்க்கும் இதைத்தான் பாவிக்கினம் எண்டு ஒரு வீடியோவும் காட்டிச்சினம்: உப்புத் தண்ணிக்குள்ள ரெண்டு தகடு, ஒண்டு கறள் பிடிக்குது, மற்றது பளபளக்குது.

கார் வெளியிலதான் நிக்கும். எட்டுப் பத்து வருசம் வைச்சிருக்கிற எண்ணம். இதைப் போடுறதோ, இல்லாட்டி வருசா வருசம் ஒயில் ஸ்பிறே அடிக்கிறதோ?

குழாய்ப்பாதை

போடாதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வீடியோ பொய்யில்லை. பொய் எங்கே இருக்கிறதென்றால், அந்தத் தொட்டியைக் காரோடு ஒப்பிடுவதில்.

கப்பலிலும் குழாயிலும் செய்வது கதோடிக் பாதுகாப்பு. காக்க வேண்டிய இரும்பு, தனியாக ஓர் ஆனோடு (நேர்மின்வாய்), இரண்டையும் சேர்த்து நனைத்துக்கொண்டிருக்கும் மின்பகுளி (மின்சாரம் கடத்தும் ஈரம்), இந்த மூன்றும் இருந்தால்தான் அது நடக்கும். கப்பலுக்குக் கடல்நீர், குழாய்க்கு ஈரமண். மின்னோட்டம் ஆனோடிலிருந்து கிளம்பி, நீர் வழியாகப் போய் இரும்பில் ஏறி, கம்பி வழியாகத் திரும்பும். மண்ணுக்குள் இருக்கும் எஃகுக் குழாயின் மின்னழுத்தம், செம்பு–செம்பு சல்பேட் ஒப்பீட்டு மின்வாயை வைத்து அளந்தால் மைனஸ் 0.85 வோல்ட் அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும் என்பது தொழிலில் எல்லோரும் பிடித்துக்கொள்ளும் அளவுகோல். தொட்டியில் மூழ்கிய தகட்டுக்கு இது எல்லாமே கிடைக்கிறது. அது பளபளக்காமல் என்ன செய்யும்?

கார் நிற்பது காற்றில். கதவுகளுக்குக் கீழே ஓடும் ராக்கர் பேனலுக்குள் கொஞ்சம் ஈரம், டெயில்கேட் (பின்கதவு) மடிப்பில் கொஞ்சம், பின்சக்கர வளைவில் ஒட்டிய சேற்றில் கொஞ்சம். ஒவ்வொன்றும் தனித்தனி. பாட் ஒட்டிய இடத்திலிருந்து அங்கெல்லாம் போக நீர்ப்பாதை கிடையாது, ஆகவே பாதுகாப்பு மின்னோட்டமும் போகாது. அதோடு பாட் ஒட்டப்படுவது பெயின்டின் மேல். பெயின்ட் மின்கடத்தாப் பொருள். பாட், பெயின்ட், தகடு மூன்றும் சேர்ந்தால் ஒரு சின்ன மின்தேக்கி. மின்தேக்கி வழியே நேர்மின்னோட்டம் போகாது. துடிப்பாக அனுப்பினால் ஒரு பக்கம் போனது மறுபக்கம் திரும்பிவிடும், நிகரம் பூஜ்யம்.

எலக்ட்ரோன் நிரப்புவது என்ற பேச்சுக்கு வருவோம். உங்கள் காரில் பேட்டரியின் நெகட்டிவ் ஏற்கெனவே பாடியோடுதான் இணைந்திருக்கிறது. அது போதுமென்றால் ஒன்டாரியோவில் ஒரு காரும் துருப்பிடித்திருக்காது. தலைகீழாகவும் பாருங்கள்: யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய ஆஸ்டின் ஏ40, மோரிஸ் மைனர் எல்லாம் பொசிட்டிவ் எர்த். பாடி பேட்டரியின் பொசிட்டிவில் இருந்தும் அவை கரைந்துபோகவில்லை. அந்த மின்னோட்டம் உலோகத்துக்குள்ளேயே சுற்றி வருகிறது, ஈரத்தின் வழியே போவதில்லை.

காரில் நிஜமாக வேலை செய்யும் கதோடிக் பாதுகாப்பு ஒன்று உண்டு: தகட்டின் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு. கீறல் விழுந்தால் பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும், அதுவும் சில மில்லிமீட்டர் தூரத்துக்குத்தான். அதற்கு நீங்கள் காரின் விலையிலேயே காசு கொடுத்தாயிற்று.

இது புதிய சர்ச்சையும் இல்லை. 1990களின் நடுவிலேயே, ரஸ்ட் எவேடர் என்ற இதே மாதிரிக் கருவியை விற்ற நிறுவனத்தின் மேல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி நடவடிக்கை எடுத்தது. அது துருவைத் தடுக்கும் என்ற விளம்பரம் பொய் என்பதுதான் குற்றச்சாட்டு.

தவக்களை

விஞ்ஞானம் சரி. ஆனா பத்து வருச வாரன்டி இருக்குத்தானே? மொடியூல் வேலை செய்யாட்டியும் ஓட்டை விழுந்தா அவை திருத்தித் தரோணும். இன்சூரன்ஸ் மாதிரி நினைச்சு எடுத்தா என்ன பிழை?

கணக்குப்பிள்ளை

தாளை வாசித்தால் பிழை தெரியும். கையெழுத்துக்கு முதல் வாரன்டிப் புத்தகத்தையே கேளுங்கள், பளபளப்பான விளம்பரத் தாளை அல்ல. இந்த வகை வாரன்டிகளில் வழக்கமாக இருப்பது: உள்ளேயிருந்து வெளியே துளைத்து ஓட்டை விழுந்தால் மட்டும், அதுவும் வெளித்தெரியும் பொடித் தகட்டில் மட்டும். கல் அடித்த இடம், கீறல், மேற்பரப்புக் கறள் சேராது. சப்பிறேம் (அடிச்சட்டம்), பிறேக் லைன், எக்ஸோஸ்ட், சஸ்பென்சன் சேராது. வருடத்துக்கு ஒருமுறை குறித்த நாட்களுக்குள் கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை குத்த வேண்டும். ஒரு வருடம் தவறினால் முடிந்தது. ஒன்டாரியோவில் கார் சாகிறது பெரும்பாலும் விலக்கி வைத்த அந்த அடிப்பாகங்களால்தான்.

இன்னொன்று, துளைக்கும் கறளுக்குக் காரைச் செய்த கொம்பனியே வாரன்டி தருகிறது. ரொயோட்டாவுக்கு 5 வருடம், கிலோமீட்டர் எல்லை இல்லை. அதனால் முதல் ஐந்து வருடத்துக்கு நீங்கள் வாங்குவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. துத்தநாகம் பூசிய தகடு அதற்குள் உள்ளிருந்து துளைவதே அரிது. விற்கிறவருக்கும் அது தெரியும்.

காசைப் பார்ப்போம். 1,199க்கு 13 வீதம் சேர்த்தால் ஏறக்குறைய 1,355. அதைக் கார்க் கடனோடு சேர்த்து 72 மாதம், 7 வீதம் என்று வைத்தால் மாதம் 23 டொலர், கடைசியில் 1,660 தாண்டும். மாதம் 23 என்று சொல்லித்தான் விற்பார்கள், கவனம். ஒயில் ஸ்பிறே வரியோடு ஒருமுறை 190 என்று பிடித்தால், அந்த 1,355 ஏழு வருட ஸ்பிறேக்குப் போதும்.

ஹொயிஸ்ட்_கீழே

ஸ்பிறேதான். ஆனா ஆர் அடிச்சாலும் சரி எண்டில்லை. எங்க அடிக்கிறது, எப்ப அடிக்கிறது எண்டதிலதான் முழு விசயமும் இருக்கு.

செப்டெம்பர் கடைசி, ஒக்டோபர் நல்லது. உப்புப் போட முந்தி. முதல் நாளோ ரெண்டு நாள் முந்தியோ அடிப்பக்கத்தைக் கழுவி நல்லாக் காயவிடுங்கோ. ஈரத்துக்கு மேல அடிச்சா ஒயில் பிடிக்காது, வழிஞ்சு போகும். கிறவுன், றஸ்ட் செக் மாதிரி சொட்டுற ஒயில் இடுக்குக்குள்ள நல்லா ஊர்ந்து போகும். ஒண்டு ரெண்டு நாள் ட்றைவ்வேயில சொட்டும், கீழ மட்டை போடுங்கோ. புளூயிட் பிலிம் மாதிரி லனோலின் (ஆட்டுமயிர்க் கொழுப்பு) சாமான் தடிப்பு, சக்கர வளைவில கழுவுப்படாமல் கூட நாள் நிக்கும். ரெண்டும் நல்லதுதான்.

கடைக்காரரிட்டைக் கேட்டு அடிப்பிக்க வேண்டிய இடங்கள்: ராக்கர் உள்பக்கம், கதவுகளின்ட கீழ்மடிப்பு, டெயில்கேட் மடிப்பு, ஹூட் விளிம்பு, பின்சக்கர வளைவின்ட உள்பக்கம், பின் சப்பிறேம், பிறேக் லைனைப் பிடிக்கிற கிளிப்புகள், பெற்றோல் ஊத்துற குழாயின்ட கழுத்து. ராக்கருக்கு சுத்திவர அடிக்கிற நீட்டு வோண்ட் (ஸ்பிறேக் குழாய்) போடோணும். அடியில நிண்டு வெளியால மட்டும் அடிச்சா, கறள் தொடங்கிற இடத்தில சொட்டும் படாது. ஜாக் வைக்கிற விளிம்பையும் பாருங்கோ, பெயின்ட் நசிஞ்சு இரும்பு தெரியிறது அங்கதான். துளை போடுவம் எண்டா, ஏற்கனவே இருக்கிற ரப்பர் மூடிகளுக்குள்ளால அடிக்கேலுமோ எண்டு முதல் கேளுங்கோ. படக்கூடாதது: பிறேக் டிஸ்க், பிறேக் பாட், பெல்ட், எக்ஸோஸ்ட். பெற்றோலிய ஒயில் சில ரப்பரை ஊத வைக்கும், சஸ்பென்சன் ரப்பர் புஷ்ஷில பட்டாத் துடைச்சு விடோணும்.

நீங்கள் எடுக்கிறது ஹைபிரிட். பின் மோட்டருக்குப் போற செம்மஞ்சள் கேபிளை ஒருக்காப் பாருங்கோ. 2019இல வந்த தலைமுறையில அந்த கனெக்டருக்குள்ள உப்புத் தண்ணி போய் அரிச்சுது, பிறகு ரொயோட்டா அதுக்கு வாரன்டியை நீட்டினது. எந்த மொடியூலும் அதைத் தடுத்திருக்காது. அந்தக் கேபிளுக்கு என்ன செய்யலாம் எண்டு டீலரின்ட சேர்விஸிட்டைக் கேளுங்கோ, ஸ்பிறேக்காரர் தன்ட எண்ணத்துக்கு அடிக்க விடாதேங்கோ.

கறுப்புத் தார், ரப்பர் அண்டர்கோட் வேண்டாம். காஞ்சு வெடிச்ச இடத்தால உப்புத் தண்ணி உள்ளுக்குப் போய்த் தங்கும். வெளியில பாத்தா வடிவாத்தான் இருக்கும். ஸ்க்றூட்றைவரால குத்தினாத் தகடோட சேந்து வரும்.

வீட்டில செய்யிறவைக்கு: இந்த அளவு வண்டிக்கு முதல்தரம் லனோலின் 3, 4 லீற்றர் போகும், கொம்பிறெசர் 80–90 பிஎஸ்ஐ. ஜாக்கில மட்டும் தூக்கிப்போட்டுக் கீழ போகாதேங்கோ, ஸ்டாண்ட் வையுங்கோ. முடிஞ்சாப் பிறகு கதவிலயும் ராக்கரிலயும் இருக்கிற வடிகால் துளையள் அடைபட்டிருக்கோ எண்டு ஒரு சிப் டையை (வயர் கட்டுற பிளாஸ்டிக் பட்டி) விட்டுப் பாருங்கோ.

குழாய்ப்பாதை

ஒரு சேர்ப்பு. வெளியில் நிற்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், சூடான கராஜ்தான் மோசம். மைனஸ் 15இல் உறைந்து கிடக்கும் உப்புச்சேறு அதிகம் அரிக்காது. கராஜில் உருகினால் இரவு முழுக்க வேலை செய்யும். சாதாரண உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் அளவுக்கு ஏறினால்தான் தானாக நனையும். கால்சியம் குளோரைடுக்கு அதைவிட மிகக் குறைந்த ஈரப்பதமே போதும், சாலையே உலர்ந்து கிடக்கும் நாளிலும் தகட்டில் ஈரமாகவே ஒட்டியிருக்கும். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தாண்டும் நாள் பார்த்து அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்.

மார்க்கம்வாசி

எல்லாருக்கும் நன்றி. டீலருக்குப் போன் பண்ணினன். இப்ப சொல்லீனம், மொடியூல் ஏற்கனவே காரில போட்டாச்சாம், கழட்டேலாதாம். என்ன செய்யிறது?

கணக்குப்பிள்ளை

கழற்றலாம். சில வயர், சில பாட், அவ்வளவுதான். அதை விடுங்கள், முதலில் விளம்பரத்தைப் பாருங்கள். ஒன்டாரியோவில் பதிவுபெற்ற டீலர் விளம்பரத்தில் போடும் விலைக்குள் எல்லாக் கட்டணமும் அடங்க வேண்டும். எச்எஸ்டியும் லைசென்ஸும் மட்டும்தான் வெளியே. காரில் ஏற்கனவே பூட்டிய சாமானுக்கும் அதே விதி. விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு, "போட்டிருந்தால் இருக்கட்டும், விளம்பர விலைக்குத் தாருங்கள்" என்று ஈமெயிலில் எழுதுங்கள். மறுத்தால் கார் டீலர்களைக் கண்காணிக்கும் ஒம்விக்கில் முறையிடலாம். கையெழுத்துக்கு முதல் பில் ஒப் சேலில் (விற்பனை ஒப்பந்தத்தில்) மொடியூலுக்கான வரியை வெட்ட வையுங்கள். டீலரிடம் போட்ட கார் ஒப்பந்தத்துக்கு இங்கே கூலிங் ஓப் காலம் கிடையாது. கையெழுத்து வைத்த பிறகு மனம் மாறினேன் என்று சொல்ல முடியாது.

ஹொயிஸ்ட்_கீழே

காசு வாங்காமல் மொடியூலைச் சும்மா விட்டாலும் கழட்டச் சொல்லுங்கோ. அதில சிவப்பு லைட் மினுங்கிறது கரண்ட் வருது எண்டதுக்கு மட்டும்தான் அடையாளம். நிப்பாட்டின காரிலயும் அது கொஞ்சம் கொஞ்சமா 12 வோல்ட் பற்றரியை உறிஞ்சும், கார் ரெண்டு கிழமை ஓடாமல் நிண்டா வின்டரில அதுவும் ஒரு தலையிடி. பாட் ஒட்டின இடத்தில பெயின்டைச் சுரண்டியிருக்கினமோ, தகட்டில ஸ்க்றூ அடிச்சிருக்கினமோ எண்டு டெலிவரி எடுக்க முந்தியே பாருங்கோ. சுரண்டியிருந்தா டச் அப் பெயின்ட் அடிச்சுத் தரச் சொல்லுங்கோ.