நியூஜெர்சியில் வீடு, நியூயார்க்கில் வேலை: வரித் தாக்கலுக்கு உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். எடிசனில் குடியிருக்கிறோம், எனக்கு வேலை மன்ஹாட்டனில். வாரத்தில் மூன்று நாள் ரயிலேறிப் போவேன். மீதி இரண்டு நாள் சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ்.

கம்பெனி கொடுத்த டபிள்யூ-2 படிவத்தை (வருஷச் சம்பளமும் வரிப் பிடித்தமும் காட்டுவது) பார்த்ததும் பகீரென்றது. முழுச் சம்பளமும் நியூயார்க் பெயரில் ஒரு தடவை, அதே தொகை நியூஜெர்சி பெயரில் இன்னொரு தடவை! பிடித்தமோ நியூயார்க்குக்கு மட்டும்தான்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் என் தங்கை பென்சில்வேனியாவில் வேலை பார்க்கிறாள். இரண்டு மாநிலங்களுக்கும் ஒப்பந்தம் இருப்பதால் அவள் சம்பளத்துக்கு நியூஜெர்சியில் கட்டினால் போதும். நியூயார்க்கோடு அப்படி ஒப்பந்தம் இல்லை. சரி, முதலில் நியூயார்க்கில் குடியிராதவர்களுக்கான வரிப் படிவமான ஐடி-203 போட்டுவிட்டு, நியூஜெர்சி படிவத்தில் கிரெடிட் (நியூயார்க்குக்குக் கட்டிய வரிக்கான கழிவு) எடுக்க வேண்டும் என்பது வரை புரிகிறது. போன வருஷம் வரி போட்டுக் கொடுத்தவர், ஐடி-203-இல் முடிவாக வந்த வரிக்குப் பதிலாகப் பிடித்தத் தொகையையே கிரெடிட்டில் எழுதிவிட்டார். அப்புறம் கடிதம் வந்து, வட்டியோடு கட்டினோம். அதனால்தான் இந்தப் பயம்.

இப்போது குழப்பம் வீட்டிலிருந்து வேலை செய்த நாட்களில். நம் வசதிக்காக வீட்டில் இருந்தால் அந்த நாளையும் நியூயார்க் தன் கணக்கில்தான் சேர்க்கிறது. அந்தச் சம்பளத்துக்கும் நியூஜெர்சியில் கிரெடிட் கிடைத்ததா? இதே நிலையில் தாக்கல் செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஏப்ரல் 15-க்குள் முடிக்க வேண்டும்.