வெள்ளிக்கிழமை அரிசோனாவின் ஃபீனிக்ஸில் மழை உண்டா? அமெரிக்கக் கணினி வானிலை மாடலான ஜிஎஃப்எஸ் ஒன்று சொல்கிறது, ஐரோப்பிய மாடல் வேறு சொல்கிறது

சாண்ட்லர்வாசி:
கூரை ஓடுகளை இறக்கி, அடியில் இத்துப்போன விரிப்பை மாற்ற அடுத்த வியாழன் ஆட்கள் வருகிறார்கள். இரண்டு நாள் வெறும் பலகைதான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஜிஎஃப்எஸ் நேற்றிரவு வெள்ளிக்கிழமைக்கு 40 மி.மீ. காட்டியது, காலை ரன்னில் (மாடலைப் புதிதாக ஓட்டியதில்) 3, மதியம் மறுபடி 28. ஐரோப்பிய மாடலோ மழையைக் கிழக்கே பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோ பக்கமே வைத்திருக்கிறது. இந்தப் பாலைவன ஊரில் அக்டோபரில் மழையா என்று ஆபீஸில் சிரிக்கிறார்கள். எதை நம்பித் தேதியை மாற்றுவது?

பாலைக்கிளி:
எட்டு நாள் இருக்கும்போது ஒற்றை ரன்னைப் பார்த்துப் பதறாதீர்கள். இது உயரத்தில் வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டத்திலிருந்து அறுந்து தனியாகச் சுற்றும் மேலடுக்கு சுழற்சி, இழுத்துப் போக ஆளில்லாததால் எங்கே நிற்கும் என்பதில் எல்லா மாடலும் தடுமாறும். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்துக்கு மேற்கே கடலில் நின்றால் தெற்கிலிருந்து ஈரக்காற்றை நம் பக்கம் இழுக்கும், கொஞ்சம் கிழக்கே நகர்ந்துவிட்டால் நமக்கு வறண்ட காற்று, மழை நியூ மெக்சிகோவுக்கு. என்செம்பிள், அதாவது ஒரே மாடலின் கணிப்புத் தொகுப்பைப் பாருங்கள்: ஐரோப்பியத்தில் 51, ஜிஎஃப்எஸ்ஸில் 31 கணிப்புகள், ஒவ்வொன்றும் தொடக்க நிலையைக் கொஞ்சம் மாற்றி ஓட்டியது. எத்தனை கணிப்பில் நம் ஊர் நனைகிறது என்று எண்ணுங்கள், அதுதான் கணக்கு.

மேசா_மாமா:
சிரிப்பவர்களுக்கு 2018 அக்டோபரை ஞாபகப்படுத்துங்கள். ரோசா புயலின் மிச்சம் 2ஆம் தேதி ஒரே நாளில் 60 மி.மீ. கொட்டியது, அந்த மாதம் மட்டும் 136. இந்த ஊருக்கு வருடம் முழுக்கவே 180 சொச்சம்தான்! அதற்காக மேப்பில் பச்சை கண்டதெல்லாம் மழையும் இல்லை. கீழே காற்று காய்ந்து கிடந்தால் துளி பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். ரேடார் பச்சையாகத்தான் இருக்கும், வெளியே போய் நின்றால் கார் கண்ணாடித் தூசியில் நாலு புள்ளி.

பாலைக்கிளி:
அதேதான் மாமா. மெக்சிகோ கரையோரம் புயல் ஏதாவது இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதன் ஈரம் இந்தச் சுழற்சியிடம் மாட்டினால் கதையே வேறு.

சாண்ட்லர்வாசி:
எண்ணிவிட்டேன். ஐரோப்பியத்தில் 51-ல் 14 நனைகிறது, ஜிஎஃப்எஸ்ஸில் 31-ல் 17.

மேசா_மாமா:
அப்போ திங்கள் வரை பொறுங்கள், இரண்டும் கிட்ட வரும். கூரைக்காரரிடம் தார்ப்பாய் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள்.

சாண்ட்லர்வாசி:
கேட்டேன். அவர் போனில் ஏழு நாளும் சூரியன் படம்தானாம். திங்கள் இரவு ரன் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன், "நீங்க எங்க ஓடுறீங்க?" என்கிறார்.