பார்வோனிடம் நின்றுபோன நாக்கு: உங்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டா?

மஞ்சக்குப்பத்தான்:
உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பின் ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்களில் நேரம் கருதி வேறு எதைக் குறைத்தாலும், மோசேயின் தலைமையில் இஸ்ரயேல் மக்கள் செங்கடலைக் கடக்கும் மூன்றாம் வாசகத்தை விடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அதை வாசிக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட, வழிபாட்டுக்கு அரை மணி நேரம் இருக்கையில் பங்குத்தந்தை புத்தகத்தை என்னிடம் நீட்டினார். எனக்குச் சிறு வயது முதலே திக்குவாய். அதிலும் 'ப' என்னை விடாது. அந்தப் பகுதியிலோ திரும்பிய பக்கமெல்லாம் எகிப்து மன்னன் பார்வோன். பின்னறையில் நின்று, இன்றைக்கு மட்டும் நாக்கைச் சரியாக்கும் ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டிருந்தபோது, தூபத்துக்குக் கரி மூட்டிக்கொண்டிருந்த கோவில் பணியாளர், எங்கள் கோவில்பிள்ளை, "முதல் வரி என்ன தம்பி?" என்றார். பார்த்தேன். என்னிடம் ஏன் முறையிடுகிறாய், மக்களை முன்னே நடக்கச் சொல் என்று ஆண்டவர் மோசேயிடம் சொல்வதுதான் முதல் வரி. கடல் அப்போது பிளந்திருக்கவில்லை.

நான்கு இடங்களில் நின்றேன். நான்காம் முறை ஒலிபெருக்கியில் என் மூச்சு மட்டுமே கேட்க, முன்வரிசைச் சிறுவன் ஒருவன் பொறுக்கமாட்டாமல் "பார்வோன்!" என்று எடுத்துக்கொடுத்தான், அவன் தாய் அவன் வாயைப் பொத்தினார். முடிந்தபின் பலர் என் கையைப் பிடித்து, ஆண்டவர் உன் நாவின் கட்டை அவிழ்த்துவிட்டார் என்றார்கள். கோவில்பிள்ளை மட்டும், "நாலாவது தடவை நீ தலையைக் குனியலே" என்றார். கைகொடுத்தவர்களிடம் நான் மறுத்துப் பேசவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

பண்ருட்டி மருமகள்:
2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் மாமனாரின் பலாத்தோப்பை ஒரே காலையில் சாய்த்தது. எங்கள் லுத்தரன் சபைப் போதகர், நாங்கள் ஐயர் என்றழைப்பவர், வந்து ஜெபித்தபோது, அறுபதைத் தாண்டிய மாமனார், இனி நட்டு நான் பழம் தின்பேனா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரம் ஐயர் கடப்பாரையோடு வந்து குழி தோண்டத் தொடங்கினார்; மூன்றாவது குழியிலேயே அவர் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. மாமனார் எழுந்துபோய்க் கடப்பாரையை வாங்கிக்கொண்டார். அன்று ஐயர் ஜெபித்தாரா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

வில்லியனூர் வாசி:
நானும் நேர்முகத்தேர்வு ஒன்றில் வாயடைத்துப் போனவன்தான், அது கிடக்கட்டும். மஞ்சக்குப்பத்தார் மறுத்திருக்க வேண்டும். சாட்சி என்ற பெயரில் நடக்காததை நடந்ததாகப் பேசுவது விசுவாசம் ஆகாது. கத்தோலிக்கர் நீங்கள் விடுதலைப் பயணம் என்றும் சீர்திருத்த சபையார் நாங்கள் யாத்திராகமம் என்றும் சொல்லும், அந்த மூன்றாம் வாசகம் வரும் அதே நூலின் 4ஆம் அதிகாரத்தில், தன் நாவு மந்தம் என்று மோசே பின்வாங்கும்போது கடவுள் அந்த நாவைக் குணமாக்கியதாக எங்கும் இல்லை. உன் அண்ணன் ஆரோன் உன்னைச் சந்திக்க வந்துகொண்டிருக்கிறான் என்றுதான் சொல்கிறார். ஆகவே துணை தேடுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சி தருகிறார்கள். தினமும் உரக்க வாசியுங்கள், மூச்சை விட்டபடியே சொல்லைத் தொடங்குங்கள், கடினமான எழுத்தை அழுத்தாமல் மெல்லத் தொட்டுச் செல்லுங்கள்; கண்ணாடி முன் நின்று பழகுவது வீண் என்பது என் கருத்து.

மஞ்சக்குப்பத்தான்:
ஐயா, நான் பயிற்சி கேட்கவில்லை. ஆனாலும் ஆரோனைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. கரி மூட்டிக்கொண்டிருந்தவரை நான் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. இந்த ஆண்டு வாசகர் பட்டியலில் மூன்றாம் வாசகத்துக்கு நேரே நானே என் பெயரை எழுதியிருக்கிறேன், பென்சிலால்தான்.